கான் கரையில் கிடைத்த கல்

மஸ்கெலியா, இலங்கை

அன்புள்ள செல்வராஜ்,

நலம். கோத்தகிரியில் நீயும் தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் நலமா? கீழடிக்குப் போய்வந்ததைப் பற்றி நீ எழுதிய நான்கு பக்கங்களையும் மூன்று தடவை படித்துவிட்டேன். பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று கீறியிருந்த எழுத்தின் முன்னால் நகராமல் நின்றதாக எழுதியிருந்தாய். எனக்கும் மெய்சிலிர்த்தது. ஆனால் கடைசியில், “நம் மலையில் இப்படி என்ன இருக்கிறது, காப்பியும் தேயிலையும் வருவதற்கு முன்பு வெறும் காடுதானே” என்று கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாத மழையில் மேல் மலையில் ஒரு கானின், அதாவது தோட்டத்து வடிகாலின், கரை சரிந்தது. மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பையன் அந்த மண்ணில் கிடந்த வெள்ளைக் கல் ஒன்றைக் கொண்டுவந்தான். சுண்டுவிரல் நகத்தளவு. கழுவி விளக்கடியில் வைத்தேன். ஒரு பக்கம் பிறைபோல் வளைந்து, மழுங்கத் தட்டப்பட்டிருக்கிறது. மறுபக்கம் நேர்கோடு, கூர்மை இன்னும் போகவில்லை. ஒரு கொழுந்துக் காம்பை அதன்மேல் வைத்து இழுத்தேன், இரண்டாகிவிட்டது. தானாக உடைந்த கல்லுக்கு இந்த ஒழுங்கு வராது என்று என் மனம் சொல்கிறது.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இத்தகைய கற்கள் கிடைப்பது புதிதல்ல. 1880களிலேயே ஜோன் போல் என்ற தோட்டத்துரையும், கிரீன் என்ற பூச்சியியல் அறிஞரும் மலைநாட்டு மண்ணில் படிகக்கல் கருவிகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். உங்கள் பக்கம் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் கற்கோடரியைக் கண்டெடுத்தது 1863இல். அதற்கு இருபது ஆண்டு கழித்து இங்கே. துரைமாரின் பெயர்கள் நூல்களில் நின்றுவிட்டன. மலையைத் திருத்தி, கான் வெட்டி, குழி தோண்டியவர்கள் யார்? அந்தக் கற்களில் பல முதலில் நம் பாட்டன்மாரின் மண்வெட்டியில்தான் இடறியிருக்க வேண்டும். என் அப்பா முப்பது வருடம் கான் வெட்டினார். அவர் எத்தனை பிறைக்கற்களை ஓரமாகத் தள்ளினாரோ!

கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்குப் போகும்போது பஸ் கித்துள்கலையில் நிற்குமே, நினைவிருக்கிறதா? அங்கே மேலே பெலிலெனக் குகை இருக்கிறது. தொல்லியல் அறிஞர் சிரான் தெரணியகலவும் அவருடைய சகாக்களும் தோண்டியபோது, ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முந்திய மக்கள் விட்டுச்சென்றவை அடுக்கடுக்காக வெளிவந்தன. நுண்கற்கருவிகள் எனப்படும் மிகச் சிறிய கல்லாயுதங்கள், நத்தை ஓடுகள், காட்டு வாழை, காட்டுப் பலா இனத்தின் தடயங்கள், சிங்களத்தில் கெக்குண எனப்படும் கொட்டையின் ஓடுகள். கொட்டை உடைத்து உடைத்து நடுவில் குழிவிழுந்த கற்களும் இந்த மக்களின் குகைகளில் கிடைக்கின்றன. நம் அம்மாமார் பாக்கு இடித்த கல்லிலும் அதே குழிதான் இருந்தது, செல்வா.

மழைக்காட்டில் ஆதிமனிதன் பிழைத்திருக்க முடியாது என்று அறிஞர்கள் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கல குகை அதை மாற்றிவிட்டது. 48,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் மரத்தில் தாவும் குரங்கையும் மலை அணிலையும் வேட்டையாடி, அந்தக் குரங்கின் எலும்பையே கூர்தீட்டி அம்பு முனையாக்கினார்கள். காவிக்கல்லில் மணி செய்து அணிந்தார்கள். உள்நாட்டுக் குகைகளில் கடற்சிப்பி கிடைக்கிறது. பெலிலெனவில் கடற்கரை உப்பு வந்துசேர்ந்ததற்கும் தடயம் உண்டு. கடல் எங்கே, கித்துள்கலை எங்கே! காலால் நடந்து, கைமாறி வந்த உப்பு அது. வழி தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் நம்பிக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

ஆகையால்தான் நாகரிகம் நெல்லோடும் எழுத்தோடும் மதிலோடும்தான் தொடங்குகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அநுராதபுரத்தில் இரும்பும் நெல்லும் வந்தது கி.மு. 900 அளவில். அது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த அட்டைக்கடிக் காட்டில், இந்தப் பனியில், எந்தக் காய் எந்த மாதம் பழுக்கும், எந்தக் கல் எப்படித் தட்டினால் பிளக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த ஒருத்தியை நாகரிகம் அறியாதவள் என்று எப்படிச் சொல்வது?

தோட்ட வேலைக்காக நம் முன்னோர் இந்தியாவிலிருந்து இங்கே வந்து இருநூறு வருடம் என்று 2023இல் ஹட்டனிலும் மாத்தளையிலும் நினைவுகூர்ந்தோம். நேற்று வந்தவர்கள் என்று நம்மைச் சொன்ன காலத்தில்தான் 1974இல் உன்னைத் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேற்றினேன். அந்தக் குகை மக்களின் கணக்கில் பார்த்தால் இந்தத் தீவில் இன்று உரிமை பேசுகிற எல்லாருமே பின்னால் வந்தவர்கள். இதைப் பையனிடம் சொன்னேன். “அப்போ அவங்கதான் இங்க முதல் ஆளா, சேர்?” என்று கேட்டுவிட்டு, கல்லைத் தன் கையில் நெடுநேரம் மூடி வைத்திருந்தான்.

கல் கிடைத்த இடத்தைத் தாளில் வரைந்து, பையனின் பெயரையும் அதில் எழுதியிருக்கிறேன். அடுத்த பள்ளி விடுமுறையில் அவனையும் கூட்டிக்கொண்டு போய்த் தொல்லியல் திணைக்களத்தில் ஒப்படைக்கப்போகிறேன். தையில் வருவதாக எழுதினாய். சொன்னபடி வந்தால், கொடுப்பதற்கு முன்பு நீயும் அதைத் தொட்டுப் பார்க்கலாம். பழைய பற்பொடி டப்பியில் பஞ்சு வைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன் அன்புள்ள,
மாணிக்கம்