ஊர் திரும்புவோருக்கு ஊர் செய்ய வேண்டியவை: யாழ். மாவட்டக் கிராமச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சனசமூக நிலையங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கோயில் பரிபாலன சபைகள், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் நிருவாகத்தினருக்கு,

வணக்கம்.

1983 முதல் போரால் கடல் கடந்து போன எங்கள் சனத்தில் 50,000 இற்கு மேற்பட்டோர் இன்னமும் தமிழகத்தில் 100 இற்கு மேற்பட்ட அகதி முகாம்களில் இருக்கிறார்கள். போர் முடிந்ததிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சிலர் வந்துகொண்டும் இருக்கிறார்கள். வந்தவர்களில் சிலர் மறுபடியும் இந்தியாவுக்குப் போக வழி தேடுவதையும் பார்க்கிறோம். ஏன் என்று கேட்டால் அநேகமாக மூன்று விசயங்களைச் சொல்வார்கள்: கையில் ஆவணம் இல்லை, வளவில் தண்ணீர் இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. அரசாங்கம் செய்ய வேண்டியவை பல உண்டு. அவற்றை உரிய இடத்தில் தனியாகக் கேட்போம். இந்த மூன்றிலும் ஊர்ச் சங்கம் ஒன்று தானே செய்யக்கூடியது நிறைய இருப்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில், வரும் நாள். 2025 மே மாதம் தமிழகத்திலிருந்து திரும்பிய வயோதிபர் ஒருவர், முன்பு கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்பதற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே ஒரு குடும்பம் வருகிறது என்று தெரிந்தால் சொந்தக்காரரோடு சங்கத்திலிருந்தும் ஒருவர் விமான நிலையத்துக்குப் போகவேண்டும். சட்டத்தரணி ஒருவரின் தொலைபேசி இலக்கம் அவர் கையில் இருக்கட்டும். மாலையோடு போவது நல்லதுதான், அந்த இலக்கம் அதைவிட முக்கியம்.

ஆவண விசயத்தில் பிழை வருவது பெரும்பாலும் பெயரில். முகாம் அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், இந்தியப் பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, பயண ஆவணத்தில் மூன்றாவது. அங்கே தகப்பன் பெயருக்கு ஒற்றை முதலெழுத்து, இங்கே முழுப்பெயர். அடையாள அட்டை விண்ணப்பம் இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தில் மாதக்கணக்காக நின்றுவிடும். விண்ணப்பம் எதையும் நிரப்ப முன், எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பி, பெயர், பிறந்த திகதி, தாய் தகப்பன் பெயர் மூன்றையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அப்போதே சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடியுங்கள். பிறகு விதானையார் (கிராம அலுவலர்), பிரதேச செயலகம் என்ற ஒழுங்கில் போகலாம்.

இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிரசாவுரிமைப் பதிவு தனியாகத் தேவை. 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தாய் இலங்கையராக இருந்தாலும் அந்த உரிமை பிள்ளைக்கு வரும். தகப்பன் இந்தியர் என்பதால் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதியவேண்டியது, பிந்தினால் தண்டப்பணம் கேட்பார்கள். திரும்பி வந்தோருக்குச் சலுகை உண்டா என்று பதியும் இடத்திலேயே கேளுங்கள். முகாமில் கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்ட தம்பதியர் பலர். அந்தச் சிக்கலையும் முதல் வாரத்திலேயே வெளியே எடுத்துவிடவேண்டும். பதினைந்து வயது தாண்டிய பிள்ளைக்கு அடையாள அட்டை இல்லாவிட்டால் சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது வீடே பதறிப்போகும்.

அடுத்தது கிணறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆட்கள் சாகக்கூடிய வேலை இது.

இருபது முப்பது வருடம் கைவிட்ட கிணற்றில் குப்பை மட்டும் கிடப்பதில்லை. வலிகாமம் வடக்கு, முகமாலைப் பக்கங்களில் வெடிபொருளும் கிடக்கலாம். கண்ணிவெடி அகற்றியதை விதானையாரிடம் உறுதிப்படுத்தாமல் யாரும் இறங்கக்கூடாது. துப்புரவுக்கு ஏற்ற காலம் ஆவணி, புரட்டாதி; மாரி தொடங்கினால் நீர் மட்டம் ஏறிவிடும். மண்ணெண்ணெய் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டபடி ஆளை இறக்கவே வேண்டாம். புகை கீழே தங்கி, இறங்கியவர் சத்தம் போடக்கூட முடியாமல் மயங்கிவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் அப்படியே. மெசின் மேலே நிற்கட்டும், இறங்குபவர் இடுப்பில் கயிறு இருக்கட்டும், மேலே இரண்டு பேர் நிற்கட்டும். கடலோர ஊர்களில் ஒரேயடியாக அடிவரை இறைத்தால் கீழே கிடக்கும் உவர்நீர் மேலே வந்துவிடும். அங்கே நாளுக்குக் கொஞ்சமாக இறைத்துச் சேறு எடுங்கள்.

சேறு எடுத்து, கிணற்றின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, நீர் ஊறிய பிறகு குளோரின் போடவேண்டும். பத்து அடி அகலமும் பத்து அடி நீரும் உள்ள வட்டக் கிணற்றில் ஏறத்தாழ 22,000 லீற்றர் இருக்கும். அதற்கு 30 வீதக் குளோரின் தூள் சுமார் மூன்றரைக் கிலோ போதும். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் விட்டு, மணம் போகும்வரை இறையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து அளவைச் சரிபார்த்து, நீரைப் பரிசோதிக்கக் கொடுத்த பிறகே குடிக்கலாம். மலசலகூடக் குழி குறைந்தது 50 அடி தள்ளி இருக்கவேண்டும். எங்கள் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் அழுக்கை வடிகட்டாமல் கொண்டுபோகும்.

காணி உறுதியில் “கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்” என்று எழுதியிருந்தும் பங்குக்காரர் விடாத சண்டைகளே அதிகம். குடும்பம் வந்து இறங்க முன், பங்குக்காரர் எல்லாரையும் சனசமூக நிலையத்தில் இருத்திப் பேசுங்கள்: யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை, மின்சாரச் செலவை எப்படிப் பிரிப்பது, குடிநீருக்கு முறை கிடையாது என்பது. அறிக்கைப் புத்தகத்தில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை. வேலிச் சண்டை, பத்து வருடம் ஆண்டதால் காணி தனக்கே என்னும் ஆட்சியுரிமை என்று காணிப் பிணக்கு வளர்ந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். சங்கம் தீர்ப்புச் சொல்லப் போகவேண்டாம்.

பள்ளிக்கூடத்தில், கெட்டிக்காரப் பிள்ளையும் முதல் தவணையில் விழும். சமயமும் வரலாறும் கட்டாய பாடம், சிங்களம் புதிது, வேதியியல் படித்த பிள்ளைக்கு இங்கே அதே பாடம் இரசாயனவியல். இரண்டு வகுப்பு இறக்கிச் சேர்ப்பது தீர்வல்ல. வயதுக்குரிய வகுப்பில் விட்டு, மாலையில் ஒரு தவணைக்குச் சிங்களமும் கலைச்சொற்களும் சொல்லிக்கொடுக்க உயர்தரம் முடித்த பிள்ளைகள் இருவரை ஒழுங்கு செய்யுங்கள். “இந்தியாவால வந்தாக்கள்” என்ற பேச்சைப் பிள்ளைகள் வீட்டில்தான் பழகுகிறார்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசவேண்டும்.

ஊர் திரும்பும் இன்னொரு மக்களையும் மறக்கமுடியாது. 1990 ஒக்ரோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் சோனகதெருவுக்கும் மற்ற ஊர்களுக்கும் திரும்பும்போது இதே காணி, இதே பதிவுச் சிக்கல்தான். ஒரு வீட்டுக்காரராகப் போனவர்கள் இன்று நாலு குடும்பம். வீட்டுத் திட்டத்திலும் வாக்காளர் இடாப்பிலும் அந்த நாலையும் நாலாகக் கணக்கெடுக்கும்படி கிராமச் சங்கமே கேட்கவேண்டும்.

கரையோரச் சங்கங்களுக்கு ஒரு சொல். 2022 டிசம்பரில் மியன்மாரின் ரோகிஞ்சா அகதிகள் 104 பேரைச் சுமந்த படகு வெற்றிலைக்கேணிக் கடலில் மீட்கப்பட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவரப்பட்டது. 2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்டோர் முள்ளிவாய்க்கால் கரைக்கே வந்தார்கள். இலங்கை 1951 ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திடவில்லை. இவர்களுக்கு இங்கே வேலை செய்யும் உரிமை கிடையாது. இருந்தாலும் முதல் மணித்தியாலங்கள் உங்கள் கையில். பல நாள் பட்டினி கிடந்தவருக்குச் சோற்றுப் பார்சல் கொடுக்கவேண்டாம், உடம்பு தாங்காது. ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த) கரைசலும் தண்ணிக் கஞ்சியும் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுங்கள். பெண்களுக்கு மறைப்பும் மாற்றுடையும் வேண்டும். முகங்களைப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள், ஊரில் விட்டுவந்த உறவுகளுக்கு ஆபத்து. எத்தனை பேர், எத்தனை சிறுவர், யார் நோயாளி என்று எண்ணி எழுதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். பிராந்திய அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை பிறகு ஒருவரும் காணாமல் போகாமல் காக்கும்.

உங்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் மூன்று பேரைத் தெரிவு செய்யும்படி கேட்கிறோம்: ஆவணத்துக்கு ஒருவர், கிணற்றுக்கும் காணிக்கும் ஒருவர், பள்ளிக்கூடத்துக்கு ஒருவர். இவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். பெயர்களை விதானையாரிடமும், முகாமில் உறவினர் உள்ள குடும்பங்களிடமும் கொடுத்துவிடுங்கள். குடும்பம் வந்த பின் ஆறு மாதத்துக்கு இந்த மூவரும் மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
நாடு திரும்பும் குடும்பங்களோடு வேலை செய்யும் கள உத்தியோகத்தர்கள்,
யாழ்ப்பாணம்.