ஒன்பதாம் மாடியில் மதில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் சென்ற மாதக் குடும்பப் பகுதியில், சிங்கப்பூரில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பது பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு தொடங்கினேன். இரண்டாம் முறை, சரியாகத்தான் படித்தேனா என்று பார்ப்பதற்காகப் படித்தேன். பூனை சுதந்திரப் பிறவி என்றும், அதை வீட்டுக்குள் அடக்கி வைக்க யாராலும் முடியாது, முயல்வதே பாவம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பக்கத்தில் ஒரு வண்ணப்படம். உயரமான புளோக் ஒன்றின் தாழ்வாரக் கைப்பிடிச்சுவர்மேல் ஒரு பூனை உட்கார்ந்திருக்க, பின்னால் எதிர்ப் புளோக்கின் மேல்மாடிகள் தெரிகின்றன. அதன்கீழ் ‘மதில்மேல் பூனை’ என்று போட்டிருக்கிறீர்கள். தங்கள் நகைச்சுவையை நான் ரசிக்க முடியாமல் போனதற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

பூனையை வீட்டுக்குள் அடக்க முடியாது என்ற வாசகம் எனக்குப் புதிதன்று. தாங்கள் அறியாததும் அன்று. 1989 முதல் வீவக வீடுகளில் பூனைக்கு இருந்த தடைக்குக் கழகம் சொல்லிவந்த காரணமே அதுதான். பூனைகளை வீட்டுக்குள் வைத்திருப்பது கடினம், திரியவிட்டால் பொது இடங்களில் முடி உதிர்க்கும், அசுத்தம் செய்யும், இரவில் கத்தும் என்றார்கள். சிறிய நாய் ஒன்றுக்கு இடமிருந்த வீட்டில் பூனைக்கு இடமில்லாமல் போனது இந்த ஒரு நம்பிக்கையால்தான். 2024 செப்டம்பர் 1ஆம் தேதி தடை நீங்கியபோது, அந்தக் காரணத்துக்கும் ஒருவழியாக ஓய்வு கிடைத்தது என்று எண்ணினேன். தங்கள் கட்டுரையாளர் அதையே தூசி தட்டி, பாராட்டுரையாக மாற்றித் திருப்பித் தந்திருக்கிறார். விரட்டுவதற்குச் சொன்னாலும் போற்றுவதற்குச் சொன்னாலும், பூனை கிடக்க வேண்டிய இடம் கதவுக்கு வெளியே என்றுதான் முடிகிறது.

1999 முதல் எங்கள் வீட்டில் ஒரு பூனை இருந்தது. ‘வளர்த்தோம்’ என்று சொல்லும் துணிவு அந்நாளில் இல்லாததால் ‘இருந்தது’ என்றே சொல்லிப் பழகிவிட்டேன். சாம்பல் நிறம், இவ்வூர்ப் பூனைகளுக்கு இருப்பதுபோல நுனி மடங்கிய வால், சோமு என்று பெயர். அதிகாரி யாராவது வந்தால் ‘இது புளோக் பூனை, எங்களுடையதன்று’ என்று சொல்வதற்கு வசதியாக, அதன் சோற்றுத் தட்டைத் தாழ்வாரத்தில் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். இரவில் உள்ளே படுக்கும், பகலில் கம்பிக்கதவைத் திறந்துவிடுவோம். என் மனைவி ஒருநாள் சிவப்புக் கழுத்துப்பட்டை ஒன்று வாங்கி வந்தபோது, அதைக் கட்டினால் நம் பூனை என்று ஆகிவிடும் என்று தடுத்தவன் நான். கட்டுரையாளர் சுதந்திரம் என்று எழுதுவதற்கு எங்கள் வீட்டில் அபராதப் பயம் என்று பெயர்.

அடக்கி வைக்க யாராலும் முடியாது என்கிறாரே, 2003இல் நாங்கள் வைத்திருந்தோம். சார்ஸ் என்ற தொற்றுநோய் பரவிய அந்த மாதங்களில், 1998 முதல் நடந்துவந்த தெருப்பூனைக் கருத்தடைத் திட்டத்தை நிறுத்திவிட்டுப் பூனைகளைப் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றார்கள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வழக்கமாகப் படுத்திருக்கும் ஏழெட்டுப் பூனைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாங்கள் கதவைச் சாத்தி, சன்னல்களுக்குக் குறுக்கே கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டிச் சோமுவை உள்ளேயே வைத்துக்கொண்டோம். முதல் நான்கு நாள் கதவடியில் உட்கார்ந்து கத்தியது. ஐந்தாம் நாள் துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. இரண்டு மாதம் அதுவே அதன் சிம்மாசனமாக இருந்தது. உடம்பும் நன்றாகத் தேறியது. நோய் ஓய்ந்ததும் அறிவுகெட்டுப்போய் மறுபடி கதவைத் திறந்துவிட்டோம்.

பக்கத்து வீட்டு மலாய் அம்மையாரை நாங்கள் மக்சிக் என்று அழைப்போம். அவர் தம் வாசலில் தொங்கவிட்டிருந்த செடியில் 2006இன் தொடக்கத்தில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. நாரும் சிலந்தி நூலுமாகப் பின்னிய சுருக்குப்பை போன்ற கூடு. வாயிலுக்குமேல் மழைக்கு மறைப்பாகச் சின்னதாய் ஒரு கூரையும் இருந்தது. மக்சிக் தண்ணீர் ஊற்றும்போதுகூட மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றுவார். குஞ்சுகளுக்கு இறகு முளைத்த வாரத்தில், சோமு கைப்பிடிச்சுவரில் ஏறி, அங்கிருந்து எட்டிக் கூட்டைக் கிழித்துவிட்டது. அன்று மாலை எங்கள் வாசலில் இரண்டு குஞ்சுகளையும் பக்கத்துப் பக்கத்தில் கிடத்தியிருந்தது. மக்சிக் புகார் எழுதவில்லை. செடியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்விட்டார், அவ்வளவுதான். அதன்பிறகு இரண்டு மாதம் அவர் வீட்டு வாசலைக் கடக்கும்போது நான் தலை நிமிரவில்லை. அமெரிக்காவில் பூனைகளால் ஆண்டுக்கு 130 கோடிக்குக் குறையாமல் பறவைகள் சாகின்றன என்று 2013இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது பலர் நம்ப மறுத்தார்கள். எனக்கு அந்த இரண்டே போதுமானதாக இருந்தது.

கைப்பிடிச்சுவரில் ஏறும் பழக்கம் அந்தக் கூட்டோடு வந்தது, கூடு போன பிறகும் நீங்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு காலை, சோற்றுத் தட்டு வைத்தபடியே இருந்தது. என் மனைவி மாடி மாடியாகத் தேடிக்கொண்டு போனார். நான் மின்தூக்கியில் நேரே கீழே இறங்கினேன். எதற்காக நேரே கீழே போனேன் என்று என்னையே பின்னால் கேட்டுக்கொண்டதுண்டு. துப்புரவு ஊழியர் ஒருவர், விடியற்காலையில் புல்தரையில் ஒரு பூனை கிடந்ததாகவும், கழுத்தில் பட்டை எதுவும் இல்லாததால் யாரையும் எழுப்பவில்லை என்றும், குப்பையோடு அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். ‘உங்கள் பூனையா?’ என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். ஏழாண்டுப் பழக்கம்.

எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பூனை நாலு காலில் நிற்கும் என்று கட்டுரையாளர் ஆறுதல் சொல்லியிருக்கிறாரே, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். காற்றில் திரும்பிக் காலை ஊன்றுவது உண்மை. ஊன்றிய கால் முறிவதும், தாடை உடைவதும், அண்ணம் பிளப்பதும், நுரையீரல் நைவதும் உண்மை. நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் வெளிவந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவற்றில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன என்று உள்ளது. இந்தக் கணக்கைத்தான் எல்லாரும் எடுத்துக் காட்டுகிறார்கள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஓர் ஆள் இருந்த பூனைகளின் கணக்கு அது என்பதை யாரும் சொல்வதில்லை. புல்தரையிலேயே முடிந்துபோனதை எந்த மருத்துவர் எண்ணுவார்?

கட்டுரையாளர் தம் பாட்டியின் ஓட்டுவீட்டையும் கொல்லைப்புறத்தையும் கூரையில் உலவிய பூனையையும் உருக்கமாக நினைவுகூர்ந்திருந்தார். என் தாத்தா வீடும் ஓட்டுவீடுதான். அங்கே பூனை விழக்கூடிய மிக உயரமான இடம் எரவாணம், விழுந்தாலும் வைக்கோலில் விழும். ஒன்பதாம் மாடியில் மதிலும் இல்லை, கொல்லையும் இல்லை. கீழே கார் நிறுத்துமிடம் இருக்கிறது. எல்லா மனிதரும் பூனையை விரும்புவதில்லை என்பதும் இருக்கிறது; 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஈசூன் வட்டாரத்தில் பூனைகள் அடுத்தடுத்து இறந்து கிடந்த செய்திகளைத் தங்கள் இதழிலேயே படித்தேன்.

பூனைமீது இந்நகருக்குப் பாசமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பூனையை வீட்டில் வைக்காதே என்று எங்களிடம் சொன்ன அதே காலத்தில் சிங்கப்பூரா பூனையைச் சுற்றுலாச் சின்னமாக்கினார்கள். கேவனா பாலத்தருகே அதற்கு வெண்கலச் சிலைகூட உண்டு. வெண்கலப் பூனையால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

இப்போது எங்களிடம் கறுப்பி இருக்கிறாள். கருத்தடை செய்ததற்கு அடையாளமாக இடக்காது நுனி வெட்டப்பட்ட கீழ்த்தளப் பூனை. தடை நீங்கிய மாதத்தில் எடுத்துக்கொண்டோம். கம்பிக்கதவிலும் எல்லாச் சன்னல்களிலும் கம்பிவலை பொருத்தி, கேபிள் டைகளை நானே இறுக்கினேன். அறுபத்தெட்டு வயதில் விரல் மூன்று நாள் வலித்தது. மருத்துவர் அவள் தோளருகே தோலுக்கடியில் பதித்த நுண்சில்லுக்கு (மைக்ரோசிப்) நேரே கருவியைக் காட்டியதும் அது ஒலி எழுப்ப, பதினைந்து இலக்க எண் ஒன்று திரையில் வந்தது. என் மனைவி அதைத் தாளில் எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அவளுக்குச் சலிப்பு வருவதும், அதற்காகத் தினம் இருவேளை நான் நூலில் கட்டிய காகிதத்தை இழுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வருவதும் உண்மைதான். உள்ளே வைப்பவனுக்கு வேலை அதிகம். கதவைத் திறந்துவிடுவது மிகவும் எளிது, நான் செய்து பார்த்தவன்.

தங்களிடம் நான் கேட்பவை இரண்டு. வீட்டுப் பூனைக்கு உரிமம் எடுப்பதற்கான அவகாசம் 2026 ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிகிறது. இலவச இணையப் பாடம், நுண்சில்லு, ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை என்ற வரம்பு, வலை பொருத்தும் முறை ஆகியவற்றை என்னைப் போன்ற முதியோருக்குப் புரியும் தமிழில் அரைப் பக்கம் வெளியிட வேண்டுகிறேன். அடுத்து, பூனைப் படம் போடும்போது கைப்பிடிச்சுவர்மேல் உட்கார்ந்த பூனையைத் தவிர்க்க வேண்டும். நல்ல படம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கறுப்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து மைனாக்களைப் பார்க்கும் படம் என்னிடம் இருக்கிறது. சற்று மங்கலாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தோ பாயோ