ஊர் திரும்பும் கணக்கு

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள கவிதா,

உன் கடிதம் கிடைத்தது. கே.கே. நகர் வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் பெரிய நிம்மதி. நான் விசாரித்ததாகச் சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், ஊருக்கே வந்துவிடலாமா என்ற பேச்சு வீட்டில் தினமும் ஓடுகிறது. அத்தைக்கு முட்டி வலி முற்றிவிட்டது. ஸ்ரீரங்கத்து வீட்டில் தனியாக இருக்கிறார். திருச்சிக்கு நேர் விமானம், நாலு மணி நேரம்தான். ஆனால் ராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் நாலு மணி நேரம் என்பதே எவ்வளவு தூரம்! யாழினியும் வருகிற ஜனவரியில் தொடக்கநிலை 1-க்குப் போகவேண்டும். பள்ளியில் ஊன்றிவிட்டால் அப்புறம் அவளைக் கிளப்புவது கஷ்டம். அதனால் இந்த வருஷத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஒரு எக்செல் தாள் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். அதில் பெரிய தொகை சிபிஎஃப்தான், நம் ஊர் பிஎஃப் மாதிரி இங்கத்து சேமநிதி. சம்பளத்தில் நாங்கள் கட்டுவது 20 விழுக்காடு, வேலை கொடுப்பவர் போடுவது 17. இத்தனை வருஷத்தில் சேர்ந்த ஒரே பெரிய பணம் அது. ஆனால் ஊருக்குப் போகிறவர்கள் அதை எடுக்கவேண்டுமானால் இங்கத்து நிரந்தரவாச உரிமையை (பிஆர்) விட்டுக்கொடுக்க வேண்டும். "ஒரு வருஷம் போய் இருந்து பாருங்கள், சரிப்படாவிட்டால் திரும்பிக்கொள்ளலாம்" என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். அப்படிப் போனால் பணம் இங்கேயே கிடக்கும். பணத்தை எடுத்துவிட்டால் திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும். அந்தப் பணம் இல்லாமல் அங்கே வீட்டை மாடி எடுத்துக் கட்டவும் முடியாது. எங்களைத் தூங்கவிடாமல் அடிப்பது இதுதான்.

சின்னவன் விஷயம் வேறு. அவனும் நிரந்தரவாசி. அதை வைத்துக்கொண்டால் 13 வயதுக்கு மேல் நீண்ட நாள் வெளிநாட்டில் இருக்க அனுமதி வாங்கவேண்டும், பதினாறரை வயதில் பதிவு, பிறகு இரண்டு வருஷம் தேசிய சேவை, அதாவது ராணுவம், போலீஸ் மாதிரி கட்டாயப் பணி. இப்போது விட்டுவிட்டால், பின்னாளில் படிக்கவோ வேலைக்கோ இங்கே வர அவன் விண்ணப்பித்தால் அது பாதகமாகலாம். மூன்று வயதுப் பிள்ளையின் இருபது வயதை நாங்கள் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

மற்றவை சமாளிக்கக் கூடியவை. வீட்டு ஒப்பந்தத்தில் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும். கார்கோவில் கன அளவுக்குத்தான் காசு என்பதால் அலமாரி, கட்டில் எல்லாம் விற்றுவிட்டு வருவதே மேல். வரிக் கணக்குத் தீரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள், அதற்குக் கொஞ்சம் கைப்பணம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு உள்ள வரிச்சலுகை ஊர் வந்து சேர்ந்தால் போய்விடும் என்பது வங்கிக்காரி உனக்குத் தெரியாததா? சிபிஎஃப் பணத்தை, ஊர் திரும்பியவர்களுக்கான ஆர்எஃப்சி கணக்கில் டாலராகவே வைக்கலாம் என்கிறார்கள். அதை மட்டும் விவரமாக எழுது.

கவிதா, அந்தத் தாளில் ஒரே ஒரு கட்டம்தான் என் நெஞ்சில் தைத்தது. சிங்கப்பூர்ப் பக்கத்தில் அவர் சம்பளம், அதன் கீழே என் சம்பளம். திருச்சிப் பக்கத்தில் அவர் சம்பளம், அதன் கீழே ஒரு சின்னக் கோடு. நான் அங்கே என்ன செய்வேன் என்று கேட்காமலே கோடு போட்டாயிற்று. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஊர் திரும்பிய எத்தனையோ குடும்பங்களின் கணக்கில் அந்த இடத்தில் கோடுதான் இருக்கும். ஆனால் செலவு என்று சொன்னால் அதுவும் செலவுதானே?

பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க, சின்னவனை வயிற்றில் சுமந்துகொண்டு இரவு வகுப்புக்குப் போய் டிப்ளமா முடித்தவள் நான். என் வகுப்புப் பிள்ளைகள் பலர் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறவர்கள். போன வாரம் ஒரு பையன், வாயே திறக்காதவன், ஜன்னலில் மழையைப் பார்த்துவிட்டு "டீச்சர், தவளை குளிக்குது" என்றான். யாரும் கேட்காமல், தானாக. அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவுக்கு மாதாமாதம் நான் அனுப்பும் பணம் யாரிடமும் கேட்காமல் போகிறது. பெற்றோர் கூட்டம் முடிந்து இரவு பத்து மணிக்கு எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்கித் தனியாக நடந்து வருகிறேன். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க ஆளில்லை. இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அவரிடம் சொன்னேன், அழாமல்தான் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கோட்டை அழித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டிருந்தார். அது எனக்குப் பெரிய விஷயம்.

அத்தையைத் தனியே விட்டுவைக்க எனக்கும் மனசில்லை. வரத்தான் வேண்டும். ஆனால் எனக்கு ஒரு வேலை உறுதியான பிறகுதான் நிரந்தரவாசத்தை விடுவது என்று சொல்லியிருக்கிறேன். டிசம்பரில் வந்தால் யாழினி பாதி வருஷம் ஓடிய வகுப்பில் போய் உட்கார வேண்டும். மே கடைசியில் வந்தால் ஜூனில் புதிதாகச் சேரலாம், எனக்கும் வேலை தேட அவகாசம் கிடைக்கும். அதுவரை அத்தைக்கு ராத்திரித் துணைக்கு ஓர் ஆள் பார்க்கவேண்டும்.

நீ எனக்காக விசாரிக்கவேண்டியது இதுதான்: தில்லைநகர், கண்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளிகளில் எல்கேஜி, யுகேஜி டீச்சர் வேலைக்கு இங்கத்து டிப்ளமாவை ஒத்துக்கொள்வார்களா, மான்டிசோரி படித்திருந்தால்தான் என்பார்களா? கையெழுத்து வாங்குகிற தொகையை விடு, கையில் என்ன தருகிறார்கள் என்று கேள். ஸ்ரீரங்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்துபோக எவ்வளவு நேரம் ஆகும் என்றும் எழுது.

கோயில் பக்கம் போனால் அத்தையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா. இந்தப் பேச்சை மட்டும் இப்போது எடுக்காதே. நிச்சயமான பிறகு என் வீட்டுக்காரரே சொல்வார்.

அன்புடன்,
ரேவதி