தாம்பரம் மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்: வார்டுதோறும் பெண்களை வயதுவாரியாகக் கணக்கெடுங்கள்

தாம்பரம் மாநகராட்சியின் மேயர், ஆணையர், எழுபது வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி இந்த மாநகராட்சி பிறந்த நாள்முதல் சாலை, குடிநீர், பாதாளச் சாக்கடை, ஏரி என்று நாம் பேசிவருகிறோம். அவையெல்லாம் அவசியமே. அவற்றை யாருக்காகத் திட்டமிடுகிறோம் என்ற கேள்வியை உங்கள்முன் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். நம் பகுதியில் வாழும் பெண்களின் வயது வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. அந்த மாற்றத்தைக் காட்டும் கணக்கு எதுவும் வார்டு அளவில் இல்லை.

2001க்கும் 2011க்கும் இடையில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியபோது, நாம் அன்று சேர்ந்திருந்த காஞ்சிபுரம் மாவட்டம் ஏறத்தாழ 39 விழுக்காடு வளர்ந்தது. இப்படி வளரும் புறநகருக்கு முதலில் வருபவர்கள் இளம் குடும்பத்தினர். சிட்லபாக்கத்திலும் சேலையூரிலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மனை வாங்கிக் குடிவந்தபோது முப்பது வயதுக்காரிகளாக இருந்த பெண்களில் பெரும்பாலோர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். கணவர் பொதுவாக நாலைந்து வயது மூத்தவர். பெண்ணின் ஆயுளோ ஆணைவிடச் சற்று நீளம். ஆகவே பிள்ளைகள் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்ட வீடுகளில், கடைசியில் தனியாக இருப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டின் அம்மாதான். அந்தக் காலத்தில் லிஃப்ட் இல்லாமல் கட்டப்பட்ட இரண்டு மாடி, மூன்று மாடி அடுக்ககங்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. எங்கள் தெருவில் ஒரு பாட்டி, தள்ளுவண்டிக்காரர் குரல் கேட்டதும் மாடியிலிருந்து கயிற்றில் ஒயர்கூடையை இறக்குவார். காசு கூடையில் கீழே வரும், கீரையும் தக்காளியும் மேலே போகும். மூட்டு தேய்ந்துபோனதால் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள் தவிர அவர் படியிறங்குவதில்லை.

இதே தெருக்களில் மறுபக்கம் இளம்பெண்களின் கூட்டம் பெருகியிருக்கிறது. 1984இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், சுற்றியுள்ள கல்லூரிகள், மருத்துவமனைகள், ஜவுளிக்கடைகள் ஆகியவற்றை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் இருபது வயதை ஒட்டிய பெண்கள் வந்து மகளிர் விடுதிகளிலும் பி.ஜி. எனப்படும் கட்டணத் தங்குமிடங்களிலும் தங்குகிறார்கள். அரசே 2023இல் தாம்பரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதி ஒன்றைத் திறந்தது இந்தத் தேவையை உணர்ந்துதான். இவர்களைத் தவிர, கண்ணில் படாத இன்னொரு பிரிவினரும் உண்டு. மகனும் மருமகளும் வேலைக்குப் போக, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்து, ஊருக்குத் திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டபடியே இங்கேயே தங்கிவிட்ட ஆச்சிகளும் அப்பத்தாக்களும்தான் அவர்கள்.

இவர்களில் யார் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வாக்காளர் பட்டியலில் வயதும் பாலினமும் இருக்கின்றன. ஆனால் விடுதிப் பெண்ணின் ஓட்டு பெரும்பாலும் அவள் சொந்த ஊரில். அப்பத்தாவின் ரேஷன் அட்டையும் அப்படியே. சுகாதாரச் செவிலியர் பராமரிக்கும் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களுக்கானது. தேசிய குடும்பநல ஆய்வு பெண்களை நேர்காணுவதும் அந்த வயதுவரைதான். பெண்ணைத் தாயாக மட்டுமே பார்த்து எண்ணிப் பழகிவிட்டோம் என்பதே இதைப் பார்க்கையில் எனக்குத் தோன்றுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ எல்லாரையும் வயதோடு எண்ணுகிறது. ஆனால் வார்டு அளவில் வெளியிடும் அடிப்படை அட்டவணையில் ஆண், பெண், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்ற பிரிப்பைத் தாண்டி வயது விவரம் கிடையாது. தவிரவும், 2011ஆம் ஆண்டின் எண்கள் பழைய பத்து உள்ளாட்சிகளின் வார்டுகளுக்கு உரியவை. இன்றைய எழுபது வார்டுகளோடு அவை பொருந்தா.

தமிழ்நாட்டு மக்களில் 2021இல் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்றும், 2031இல் அது 18.2 விழுக்காடாகும் என்றும் அதிகாரபூர்வ மதிப்பீடு சொல்கிறது. மாநில சராசரி ஒரு வார்டை நடத்த உதவாது. மாடம்பாக்கத்தின் புதிய அடுக்ககங்களில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு மாலை ஏழு மணிவரை திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகம் வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து இரவில் விடுதிக்கு நடந்துபோகும் பெண்ணுக்கு அந்தச் சந்தில் எரியும் விளக்கு வேண்டும். எங்கள் தெருப் பாட்டிக்கு இடறிவிடாத நடைபாதையும், நடந்துபோகும் தொலைவில் ஓர் இருக்கையும், திறந்திருக்கும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும். மூன்றையும் எல்லா வார்டிலும் ஒரே அளவில் செய்யப் பணம் போதாது என்பதால்தான், எது எங்கே முதலில் என்று சொல்லக்கூடிய கணக்கைக் கேட்கிறேன்.

வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. தாம்பரத்தின் இன்றைய வார்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு வயதுப் பிரிவுகளில் பெண்களின் எண்ணிக்கையைத் தர வேண்டுமென்று கணக்கெடுப்பு இயக்குநரகத்துக்கு மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றி அனுப்ப வேண்டும். அந்த அட்டவணை கைக்கு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்கள் ஏற்கெனவே வீட்டுக்கு வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருகிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களும் இருக்கின்றன. இவர்களைக் கொண்டு வயது, தனியாக இருக்கிறாரா, எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்ற நான்கு கேள்விகளோடு ஒரு கணக்கெடுப்பை நடத்தலாம். 2014ஆம் ஆண்டின் மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள் சட்டப்படி விடுதிகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதால், அங்கே தங்கியிருப்போரின் எண்ணிக்கையை மாவட்ட ஆட்சியரிடம் கேட்டுப் பெறலாம். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: பெயரும் கதவு எண்ணும் அந்தக் கணக்கில் இருக்கக் கூடாது. தனியாக வாழும் மூதாட்டிகளின் வீட்டுப் பட்டியல் தவறான கையில் சிக்கினால் என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை மட்டும் போதும்.

உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத்தின்படி வந்த உறுப்பினர்கள் இந்த மாமன்றத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் கூடுதலாக ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தை ஒருமுறையாவது ஞாயிறு மாலையில், தரைத்தளத்தில், நாற்காலி போட்டு, விடுதிப் பெண்களையும் வயதானவர்களையும் அழைத்து நடத்துங்கள். அதில் அவர்கள் சொல்வதையும் வார்டின் வயதுக் கணக்கையும் வார்டுக்கு ஒரு பக்கமாக அடுத்த நிதிநிலை அறிக்கையோடு இணைத்து மன்றத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
சேலையூரில் வசிக்கும் வரி செலுத்துநர் ஒருவர்