முதல் மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டிய அளவுகள்

அன்புள்ள குமரன்,

உன் கடிதமும் படிவமும் கிடைத்தன. வாஸ்குலைட்டிஸ் (ரத்தக்குழாய் அழற்சி) நோயாளிகளுக்குத் தனிப் பதிவேடு தொடங்குகிறாய் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் ஸ்டீராய்டின் பக்கவிளைவுக்கு 'மொத்த டோஸ்' என்று ஒரே ஒரு கட்டம்தான் விட்டிருக்கிறாய். அது போதாது. மூன்று நாள் 1 கிராம் வீதம் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாக ஏற்றினால், மாத்திரையாகத் தரும் பிரெட்னிசோலோன் கணக்கில் 3,750 மி.கி. ஆகிறது. தினம் 10 மி.கி. என்று ஓராண்டு விழுங்கினாலும் 3,650 தான். கட்டத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக நிற்கும். எலும்பிலும் தசையிலும் இரண்டும் ஒன்றில்லை என்பது உனக்கே தெரியும்.

ஸ்டீராய்டு செய்யும் சேதத்தை மதிப்பிடும் ஜி.டி.ஐ. அளவுகோலை எடுத்துக்கொள். பாஸ்டன் மருத்துவர் ஜான் ஸ்டோனும் பல நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து 2017-ல் வெளியிட்டது. பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை), சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, எலும்பு அடர்த்தி, தசை, தோல், மனநிலை, தொற்று என ஒன்பது பிரிவுகள். தொடக்க நிலையிலிருந்து எவ்வளவு மாறியது என்பதற்கே மதிப்பெண். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரையைக் கூட்டியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். பிரஷருக்கு இன்னொரு மருந்து சேர்த்து 130-ல் பிடித்து வைத்திருந்தால் அதை 'மாற்றமில்லை' என்று எழுதாதே. காரணம் நோயா மருந்தா என்று தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம், மாற்றத்தைக் குறித்தால் போதும். இரு குழுக்களை ஒப்பிடும்போது இந்த முறை நன்றாக வேலை செய்யும். 2021-ல் வெளிவந்த அட்வகேட் என்ற வாஸ்குலைட்டிஸ் ஆய்வில், இதே அளவுகோலின் சேர்ந்துகொண்டே போகும் சேத மதிப்பெண் 26-ம் வாரத்தில் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு பெற்ற குழுவுக்கு 56.6, அதற்குப் பதிலாக அவகோபான் மருந்து பெற்ற குழுவுக்கு 39.7. உன் பதிவேட்டில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. சிறுநீரகம் பாதித்தவருக்கு நோயே பிரஷரை ஏற்றும். அதனால் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பக்கத்திலேயே எழுதிவை.

எல்லாம் கெடுவது தொடக்க அளவில்தான். நோயாளி உன்னிடம் வரும்போது வேறிடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டு முடித்திருப்பார்கள். அன்றைய சர்க்கரை 240 என்றால் அது அவருடைய பழைய சர்க்கரை அல்ல. அங்கே எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கைகொடுக்கும். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால் ஊசிக்கு முந்தைய நிலை அதில் தெரியும். ரத்தம் ஏற்றியிருந்தாலோ கடும் ரத்தசோகை இருந்தாலோ அதை நம்பாதே. சராசரி என்பதாலேயே முதல் சில வாரங்களின் ஏற்றத்தை எச்பிஏ1சி பிடிக்காது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஏமாற்றிவிடும். காலையில் விழுங்கும் பிரெட்னிசோலோன் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை ஏற்றும், விடிவதற்குள் இறங்கியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரத்தில் எடுக்கும் அளவுக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்.

எடையிலும் ஒரு சிக்கல். கால் வீக்கத்தோடு வந்தவருக்கு நீர் இறங்கினால் எடை குறையும், அதே மாதத்தில் கொழுப்பு ஏறியிருந்தாலும் தராசு காட்டாது. வீக்கம் இருந்ததா என்று எழுது. இடுப்புச் சுற்றளவும் எடு.

தசைக்கு சி.பி.கே. (தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து நிம்மதி அடையாதே. ஸ்டீராய்டால் வரும் தசை பலவீனத்தில் அது இயல்பாகவே இருக்கும், வலியும் இருக்காது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொல், எத்தனை விநாடி ஆகிறது என்று குறி.

எலும்பு வேகமாகக் கரைவது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனைத் தள்ளிப்போடாதே, மறுமுறையும் அதே இயந்திரத்தில் எடு. அடர்த்தி ஓரளவு நன்றாக இருக்கும்போதே இவர்களுக்கு முள்ளெலும்பு நசுங்கும், வலியே இல்லாமலும் நசுங்கும். முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் சேர்த்துக்கொள்.

தூக்கம், எரிச்சல், அளவுக்கு மீறிய உற்சாகம் இவற்றைக் கூட வந்தவரிடமும் கேள். நோயாளி தானாகச் சொல்வது அரிது.

கண்புரை, கண் அழுத்தம் இரண்டும் அந்த ஒன்பதில் இல்லை. சில மாதங்களில் மாறக்கூடியவற்றையே அதில் சேர்த்தார்கள். உன் நோயாளிகளைப் பல ஆண்டு பார்க்கப்போகிறாய், ஆகவே அவற்றுக்குத் தனிக் கட்டம் விடு. மருந்தை நிறுத்தும் வேளையில், உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலின் காலை எட்டு மணி அளவும் வேண்டும். பிரெட்னிசோலோனை அந்தப் பரிசோதனை கார்டிசால் என்றே எண்ணிவிடும், அதனால் கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் 24 மணி நேர இடைவெளி இருக்கட்டும்.

படிவத்தைத் திருத்தியதும் அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
செல்வம்