ஞாயிறு: கேட்டு எழுதும் பயிற்சி

அனைவருக்கும் வணக்கம். நம் வேளச்சேரி ஆங்கிலப் பயிற்சிக் குழு வரும் ஞாயிறு காலை 10 மணிக்குக் குடியிருப்புச் சங்க அறையில் கூடுகிறது. அதற்குள் வீட்டில் செய்ய வேண்டியது:

1. பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ ஒலிப்பதிவு ஒன்றில் முதல் 1 நிமிடம் போதும். எழுத்து வடிவத்தை முன்னதாகப் பார்க்காதீர்கள்.

2. நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். புரியாத இடத்தில் கோடு போடுங்கள்.

3. அப்புறம் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்டதைச் சிவப்பில் குறியுங்கள். பெரும்பாலும் தெரிந்த சொற்களே தவறும். வேகமான பேச்சில் ‘வான்ட் டு’ என்பது ‘வானா’ ஆகிவிடும்; ‘ஆஃப்’, ‘அண்ட்’ போன்றவை தேய்ந்துவிடும். அந்தச் சிவப்புக் குறிகளைத்தான் ஞாயிறன்று சேர்ந்து கேட்கப் போகிறோம். மதிப்பெண் கிடையாது, தயங்காமல் வாருங்கள்.

4. நோட்டு, இயர்போன் அவசியம்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் ‘சரி’ என்று பதில் போடுங்கள்.