கர்ணன் இன்னும் திரைக்குப் பின்னால்தான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் மெயில் வந்து நாளாகிவிட்டது. இங்கே திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழாவுக்குக் கொடியேற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் எவனிடமும் கடிதத்துக்குப் பதில் எதிர்பார்க்கக் கூடாது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, விடிந்தால் தூக்கம். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல்.

மருமகள் காங்கேயத்தில் மரச்செக்கு போடுவதைப் பற்றி எழுதியிருந்தாய். கடை திறக்கும் முன் அரை நிமிடத்துக்கு ஒரு டீசர், அதாவது ஆவலைத் தூண்டும் குட்டி முன்னோட்ட வீடியோ, எடுக்க வேண்டும், நீதான் இந்த வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாயே, ஏதாவது சொல் என்று கேட்டிருந்தாய். விழாக் குழு இந்த வருஷம் என் தலையில் கட்டிய வேலையே அதுதான். எங்கள் டீசர் போன வாரம் வெளியே போய்விட்டது. அந்தக் கதையைச் சொல்கிறேன், அவளுக்கு வேண்டியதை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

யாருக்காக எடுக்கிறோம் என்பதில்தான் ஆரம்பமே. ஊரில் இருப்பவனுக்கு ஒலிபெருக்கி போதும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி கர்ண மோட்சம், கர்ணன் சாகும் கூத்து. வெள்ளிக்கிழமை ராத்திரி அவர்கள் பஸ் ஏறினால்தான் உண்டு. அந்த ஒரு வேலையைச் செய்யத்தான் டீசர். இதைக் குழுவில் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் ஆளுக்கொரு பட்டியலை எடுத்தார்கள். உபயதாரர்கள் பெயர் வர வேண்டும், அன்னதானம் போடுகிறவர் படம் வர வேண்டும், கோபுரத்தை ட்ரோனில் காட்ட வேண்டும், தீமிதி வர வேண்டும், படுகளத்தில் படுத்திருக்கும் துரியோதனன் மண் உருவம் வர வேண்டும். பந்தல்காரர்கூட ஒரு மூலையில் தன் நம்பரைப் போடச் சொன்னார். இத்தனையும் போட்டால் அது டீசர் இல்லை, கல்யாண ஆல்பம். கடைசியில் பெயர்கள் எல்லாம் வழக்கமான மஞ்சள் நோட்டீஸில் பெரிய எழுத்தில் வரும், வீடியோவில் ஒருவர் பெயரும் வராது என்று பேசி முடித்தோம். இரண்டு பெரியவர்கள் இன்னமும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சரி, வீடியோவில் எதைக் காட்டுவது? சின்ன வயதில் சினிமாப் பாட்டுப் புத்தகம் வாங்குவோமே, நினைவிருக்கிறதா? கதைச் சுருக்கம் சூடு பிடிக்கும் இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்திவிடுவார்கள். அந்தத் தந்திரம் பாரதக் கூத்துக்கு ஆகாது. கர்ணன் சாவான் என்பது ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் வருஷா வருஷம் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள், தெரிந்துதான் அழுகிறார்கள். கதையை மறைத்து இவர்களை இழுக்க முடியாது.

இதற்கு வழி கூத்துக்குள்ளேயே இருந்தது. வேஷக்காரர் நேராக வந்து நின்றுவிட மாட்டார். கட்டியக்காரன் வருவான், இன்னார் வரப்போகிறார் என்பான். இரண்டு பேர் ஒரு துணியை இழுத்துப் பிடிப்பார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு வேஷக்காரர் விருத்தம் பாடுவார். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், நடுவில் ஆள் தெரியாது. வருவது யார் என்று கூட்டத்துக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் கண் திரையை விட்டு அகலாது. பெரிய வேஷம் என்றால் துணியை உள்ளிருந்தே பிடித்து உலுக்குவார். பந்தம் ஏற்றி ஆடிய காலத்திலிருந்து இவர்கள் ராத்திரிக்குப் பல தடவை டீசர் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், நாம்தான் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

அதனால் எங்கள் டீசர் மொத்தமும் அந்தத் திரைதான். இதே ஜமா, அதாவது கூத்துக் குழு, போன மாதம் பக்கத்து ஊரில் ஆடியது. குழுவை நடத்தும் வாத்தியாரிடம் முன்கூட்டியே கேட்டு, ஆடுகிறவர்களுக்கும் சொல்லி, அதற்கென்று ஒரு தொகையும் பேசிவிட்டுத்தான் போனோம். இதை மருமகளிடம் அழுத்திச் சொல். செக்கில் வேலை செய்கிறவர் முகம் வீடியோவில் வந்தால் அவரிடம் கேட்க வேண்டும், சும்மா கேட்டால் போதாது, ஏதாவது கொடுக்கவும் வேண்டும். கூத்துக்குப் பேர் போன புரிசை இங்கிருந்து கிட்டத்தில்தான். அந்த ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் காலத்திலேயே கூத்து கடல் தாண்டிப் போய்விட்டது, ஆனால் ஆடுகிறவர்களைச் செலவில்லாத காட்சிப்பொருளாக நினைக்கும் புத்தி இன்னும் போகவில்லை.

முதல் நொடியில் கோயில் பெயர் கிடையாது, சாமி படம் கிடையாது. இருட்டு, சலங்கைச் சத்தம், மண்ணைத் தட்டும் கால். அப்புறம் முகவீணை என்கிற ஊதுகுழல் எழும்பும். திரை, அதைப் பிடித்திருக்கும் விரல்கள், மேலே கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம் ஒரு தரம் மின்னும். வேடிக்கை பார்க்கும் ஒரு பாட்டியின் முகம். திரை இறங்கத் தொடங்குகிறது, வெட்டு. கறுப்புப் பின்னணியில் கிழமை, தேதி, நேரம், ஊர், எந்தப் பஸ்ஸில் வரலாம் என்று எழுத்து. அந்த எழுத்து மட்டும் நிதானமாகப் படிக்கிற அளவுக்கு நிற்கும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். மர்மம் வேண்டும் என்று சொல்லித் தேதியையும் இடத்தையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள். ஆளைத்தான் மறைக்க வேண்டும், வழியை மறைத்தால் எவன் வருவான்?

வெட்டியது தம்பி மகன். கல்யாண ஸ்டுடியோவில் எடிட்டிங் செய்கிறான், கை சுத்தம். ஆனால் எதைக் கொடுத்தாலும் ஸ்லோ மோஷன், ‘விஷ்ஷ்’ என்று ஒரு சத்தம். கூத்தில் கால் வேகம்தான் அழகு, அதை இழுத்தால் சவ்வாகிவிடும் என்று சொல்லி நிறுத்தினேன். சத்தம் எங்களுக்குப் பெரிய தலைவலி. செல்போன் மைக்கில் முகவீணை கிழிந்து கேட்கும். அதனால் இன்னொரு போனைத் தள்ளி வைத்து ஒலியைத் தனியாகப் பதிந்தோம். விளக்கும் அப்படித்தான். டியூப் லைட்டுக்குக் கீழே படம் எடுத்தால் கோடு கோடாக ஓடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்தால் அது அடங்கிவிடும்.

நிறையப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல். படம் செங்குத்தாக, 1080க்கு 1920 அளவில் இருக்கட்டும். கீழ்ப்பகுதியில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது, ரீல்ஸில் கணக்குப் பெயரும் பட்டன்களும் அதை மூடிவிடும். அப்புறம் தமிழ் எழுத்து. சில எடிட்டிங் ஆப்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிய்ந்து நிற்கும். எழுத்தை வேறு இடத்தில் அடித்துப் படமாக்கி ஒட்டுவதே நிம்மதி. சினிமாப் பாட்டைத் தொட வேண்டாம். கடைக் கணக்கு என்றால் இன்ஸ்டாகிராமில் பல பாட்டுகள் கிடைக்காது, கிடைத்தாலும் உரிமைத் தகராறு வரும். செக்குச் சத்தத்தைவிட என்ன பாட்டு வேண்டியிருக்கிறது அவளுக்கு?

எங்கள் ஆட்களுக்கு வாட்ஸ்அப்தான் எல்லாம். ஸ்டேட்டஸில் முன்பெல்லாம் 30 நொடிக்கு மேல் போகாது, 2024இல் அதை ஒரு நிமிடமாக்கினார்கள். யூடியூப் ஷார்ட்ஸ் அதே வருஷம் மூன்று நிமிடம் வரை விட்டது. இடம் இருக்கிறது என்பதற்காக நீட்ட வேண்டியதில்லை, எங்களுடையது அரை நிமிடத்துக்குள்தான். இன்னொன்று, நிறையக் கை மாறிய செய்தியை வாட்ஸ்அப்பில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும், 2020இலிருந்து அப்படி. ‘அனைவரும் பகிரவும்’ என்று கெஞ்சுவதைவிட, தெருவுக்கு ஒரு ஆளாகப் பிடித்து அசல் வீடியோவைக் கொடுத்து அவரவர் குரூப்பில் புதிதாகப் போடச் சொன்னோம். படம் மங்காமலும் போய்ச் சேர்ந்தது.

இனி மருமகள் விஷயம். எண்ணெய் என்றால் என்ன என்று எவருக்கும் சொல்லித் தர வேண்டாம். அவளிடம் இருக்கும் பெரிய சொத்து வாசனை, அது வீடியோவில் வராது. எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டும்போது செக்கைச் சுற்றி நிற்கிறவன் முகம் மாறுமே, அந்த முகத்தைக் காட்டச் சொல். உலக்கை சுழல்வதைப் பக்கத்தில் காட்டலாம். முதல் எண்ணெய் கலங்கலாக இறங்குவதைக் காட்டலாம், எல்லோரும் தெளிந்த எண்ணெயைத்தான் காட்டுகிறார்கள். இட்லிப் பொடியில் குழி செய்து எண்ணெய் ஊற்றி, விரல் அதைத் தொடப்போகும் இடத்தில் வெட்டிவிடலாம். விலை, கடை இருக்கும் தெரு, திறக்கும் தேதி எல்லாம் கடைசியில் தெளிவாக வரட்டும்.

மோட்டாரில் ஓடும் செக்குக்குக் காளை மாட்டைக் காட்ட வேண்டாம் என்று சொல். அழகாகத்தான் இருக்கும், ஆனால் கடைக்கு வருகிறவன் மாட்டைத் தேடுவான். ‘சர்க்கரை போகும், மூட்டுவலி தீரும்’ என்றெல்லாம் யாராவது எழுதிக் கொடுத்தால் அதைத் தொடவே கூடாது. நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லேயே சட்டம் இருக்கிறது, உணவு விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018இல் தனி விதிகளும் போட்டிருக்கிறது. ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்பதும் வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் அது கணக்கில் எடுக்கிற அளவுக்கு இருக்காது. ஊருக்கே உள்ள குணத்தைத் தன் குணம் என்று சொல்லிக்கொள்வது போலத்தான் அது.

எடுத்ததும் வெட்டாமல் அப்படியே எனக்கு அனுப்பச் சொல், தம்பி மகனை உட்கார வைத்துப் பார்க்கிறேன். எங்கள் டீசரை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். தங்கச்சிக்கு இப்போது பிரயாணம் வேண்டாம், தூசி ஆகாது. நீயும் மருமகளும் சனிக்கிழமை வந்துவிடுங்கள். கர்ணன் வேஷம் கட்டுகிறவர் இந்தப் பக்கத்தில் பேர் போனவர், நடுச்சாமத்துக்கு மேல்தான் வருவார், அதுவரை பேச நமக்கு நிறைய இருக்கிறது. பாயும் போர்வையும் நான் போட்டு வைக்கிறேன். புது எண்ணெய் இரண்டு லிட்டர் கொண்டு வா, காசு வாங்கிக்கொள்வதாக இருந்தால் மட்டும்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி